திருத்தும் கைக்கு ஓர் ஆளி

கையாற் செய்த பொருளிடத்தே மனிதனுக்குப் பற்று அதிகம். அதனாலேயே அதனைத் திருத்தவேண்டும் என்ற ஆசையும் அதிகம். திருத்தப்போய்க் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சமும் அதிகம். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாணவர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயில்பவர். தேயிலைத் தகரம் ஒன்றினுள்ளே கிற்றாருக்கான 'டிஸ்டோர்ஷன் பெடல்' ஒன்றைத் தாமே பூட்டி முடித்திருக்கிறார். அது நன்றாகவே வேலை செய்கிறதாம்.

"ஒலி இன்னும் சற்றுக் கனமாக இருந்தால் நல்லது. இருவாயிகளை மாற்று என்கிறான் ஒரு நண்பன். கொள்ளளவியை மாற்று என்கிறான் மற்றொருவன். என்னிடம் இருப்பதோ இந்த ஒன்றுதான். வெட்டி எடுத்த பிறகு, முன்பு இருந்ததே நன்று என்று தோன்றினால் யான் என்ன செய்வேன்?" என்பது அவர் கேள்வி. அதே தாளின் அடியிலே அவருடைய தந்தையார் நான்கு வரி சேர்த்திருக்கிறார்: "ஐயா, இது சங்கீதமா, இரைச்சலா? பரீட்சை நெருங்குகிற காலத்தில் பிள்ளை இதற்காக நேரத்தைச் செலவிடுவது தகுமா?"

இரண்டும் நேர்மையான கேள்விகள். இவை போன்றவை பல வீடுகளில் எழக்கூடியவை ஆதலின் இரண்டுக்கும் இங்கேயே விடை கூற விழைகின்றேன். பெரியவர் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தெளிவான ஒலியைக் கெடுப்பதற்கென்றே ஒரு கருவி செய்வதா என்று வியப்பவர்கள் நம் வீட்டுத் தம்புராவைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். அதன் குதிரையின் மேல், தந்திக்கு அடியிலே, ஒரு சிறு நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். அதற்கு 'ஜீவா' என்று பெயர். நூல் இல்லாவிட்டால் தந்தி வெறுமனே 'டொங்' என்று ஒலித்து அடங்கிவிடும். நூல் உரிய இடத்தில் அமர்ந்ததும், தந்தி அதிரும்போதெல்லாம் குதிரையின் வளைந்த முதுகைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. உடனே ரீங்காரம் பிறக்கிறது. நாம் மீட்டாத அந்தர காந்தாரம் அதனுள்ளிருந்து தானே எழுகிறது. 'சுயம்பு காந்தாரம்' என்று சங்கீத வித்துவான்கள் போற்றுவது அதனையே. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரையை ஆராய்ந்து, சாதாரணத் தந்தியிலே எழக்கூடாத மேற்றொனிகளும் இவற்றில் எழுகின்றன என்று எடுத்துக்காட்டினார். தந்தியின் இயல்பான அசைவை ஓரிடத்தில் தடுத்துத் திரிப்பதால் வரும் செழுமை அது. ஆகவே ஒலித்திரிபு என்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. அளவறிந்து செய்யப்படும் திரிபை நம் முன்னோர் 'ஜீவன்' என்றே அழைத்தனர்.

கிற்றாருக்கு அது வந்த கதை வேறு. அங்கே அது ஒரு பழுதிலிருந்து பிறந்தது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் என்பாரின் பாடல் ஒன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே ஒலிப்பதிவு செய்யப்பட்டபோது, பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த கிற்றாரின் ஒலி கரகரத்துப் பதிவாயிற்று. அதனை அழித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாடல் புகழ் பெற்றது; பிறரும் அந்த ஒலியை விரும்பினர். பழுது கேட்டபொழுதெல்லாம் வருமா? ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி என்பவர் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, அதே ஒலியை வேண்டும்போது தரக்கூடிய திரான்சிற்றர்ச் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதனை 1962இல் 'மாஸ்ட்ரோ பஸ்-டோன்' என்ற பெயரிற் காலால் மிதிக்கும் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் பாடல் ஒன்றில் அதனைப் பயன்படுத்திய பிறகு உலகமெங்கும் அதற்கு வரவேற்பு உண்டாயிற்று. நம் நாட்டிலோ, ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் 1970களிலே கிற்றாரைத் தமிழ் வீடுகளுக்கு உறவாக்கின. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று பெடலைத் தேடுவதில் வியப்பில்லை.

பழுதுக்கும் பெடலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். பழுது நம்மை ஆள்கிறது. பெடலை நாம் ஆள்கிறோம். அந்த ஆட்சியைக் கையிலே தருவதுதான் ஆளி. அதற்கு அப்பெயர் வைத்தவர் யாரோ, பொருளறிந்தே வைத்திருக்கிறார்.

இனி மாணவர் கேள்விக்கு வருவோம். அவர் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்க்கும்போது, 1970களில் எம்.எக்ஸ்.ஆர். என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற 'டிஸ்டோர்ஷன் பிளஸ்' என்ற பெடலின் வழியைப் பின்பற்றியது அச்சுற்று என்பது விளங்குகிறது. அதன் இயக்கம் எளியது. கிற்றாரின் காந்தச் சுருளிலிருந்து வரும் மின்குறி ஒரு வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கு அளவினது என்று வைத்துக்கொள்வோம். 741 என்ற செயற்பாட்டு விரியலாக்கி அதனை ஏறத்தாழ 200 மடங்கு வரை பெருக்க வல்லது. கணக்கின்படி 20 வோல்ற்று வரவேண்டும். ஆனால் உள்ளே இருப்பதோ 9 வோல்ற்று மின்கலம் ஒன்றே. ஆதலின் அலையின் தலை அங்கேயே முட்டிக்கொள்கிறது. அதற்குப் பின்னால், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக வைத்த இரண்டு இருவாயிகள் குறிவழியிலிருந்து பொதுக் கம்பிக்கு இணைக்கப்பட்டிருக்கின்றன. சிலிக்கன் இருவாயி ஏறத்தாழ 0.6 வோல்ற்றிலே திறந்துகொள்ளும். அதற்கு மேற்பட்ட அலை பொதுக் கம்பிக்குள் வடிந்துவிடுகிறது. குளத்திலே கலிங்கு வைத்தாற்போல என்க. உருண்டு வந்த அலை தலை தட்டையாகி வெளியேறுகிறது. அந்தத் தட்டைத் தலைதான் நாம் கேட்கும் கரகரப்பு.

மேலும் கீழும் ஒரே அளவில் அலையை வெட்டினால், மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றை மடங்கு மேற்றொனிகளே புதிதாய்ப் பிறக்கும். விநாடிக்கு 110 அதிர்வுள்ள தந்தியை மீட்டினால் 330, 550, 770 என்பன உடன் எழும். 110ஐ ஸட்ஜமாகக் கொண்டால் 330 என்பது பஞ்சமம். 550 அந்தர காந்தாரம். தம்புராவிற் கேட்டோமே, அதே காந்தாரம்!

கனமான ஒலி வேண்டுமென்று கேட்பவர், பெட்டியைத் திறக்குமுன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து வாசிக்கட்டும். 110, 165 என்ற இரு சுரங்களும் அச்சுற்றிற் புகுந்தால், அவற்றின் வித்தியாசமான 55உம் வெளியே வரும். அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். யாரும் மீட்டாமலே அடியிற் கேட்கும். கிற்றாரில் வழக்கமான முழு மேஜர் கோர்டை வாசித்தால், இத்தகைய வித்தியாசச் சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் கலங்கிவிடும். இந்தக் கனத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

அதன் பின்னும் ஆசை தீரவில்லையானால் ஆளிகளுக்கு வருவோம். நண்பர்கள் சொன்ன இரண்டு வழிகளுமே சரியானவை. வெட்டி எறிந்துவிட்டு மாற்றுவதுதான் பிழை. பழையதும் புதியதும் ஒரு பெட்டிக்குள்ளேயே குடியிருக்கட்டும். யார் பேசவேண்டும் என்பதை ஆளி தீர்மானிக்கட்டும்.

முதலாவது ஆளி இருவாயிகளுக்கானது. மூன்று கால்களும் மூன்று நிலைகளும் உடைய சிறு நெம்புகோல் ஆளி ஒன்றை வாங்குக; நடுநிலையில் எதனோடும் தொடர்பில்லாததாக அது இருத்தல் வேண்டும். சுற்றிலிருந்து பழைய இரு இருவாயிகளையும் கழற்றி, அவை இருந்த குறிமுனையிலிருந்து ஒரு கம்பியை ஆளியின் நடுக்காலுக்குக் கொண்டுவருக. பழைய சிலிக்கன் சோடியை ஒரு பக்கத்துக் காலுக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே வைக்க. மற்றப் பக்கத்துக் காலுக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே, எதிர்முகமாக இரண்டு சிவப்பு ஒளிகாலும் இருவாயிகளை, அதாவது எல்.ஈ.டி.க்களை, வைக்க. இவை ஏறத்தாழ 1.7 வோல்ற்றிலேதான் திறக்கும். ஆகவே அலை சற்றே தலை நிமிர்ந்து நிற்கும். ஒலி திறந்ததாயும் பெரியதாயும் இருக்கும். நடுநிலையிலோ இருவாயிகளே இல்லை. விரியலாக்கி தானே முட்டிக்கொள்ளும் ஒலி மட்டும் வரும். அது எல்லாவற்றிலும் உரத்தது. ஒலியளவைக் குறைத்துவிட்டே அந்நிலைக்குச் செல்க.

இரண்டாவது ஆளி சமனைக் குலைப்பது. சிலிக்கன் சோடியில் ஒரு பக்கத்து இருவாயியோடு இன்னொன்றைத் தொடராக, அதே முகமாகச் சேர்க்க. அப்போது ஒரு பக்கம் 0.6 வோல்ற்றிலும் மறுபக்கம் 1.2 வோல்ற்றிலும் அலை வெட்டுப்படும். சமனற்ற இந்த வெட்டினால் இரண்டு, நான்கு என்ற இரட்டை மடங்கு மேற்றொனிகளும் தோன்றும். ஒலி சற்று இளகும். புதிதாய்ச் சேர்த்த இருவாயியின் இரு முனைகளுக்கும் குறுக்கே இரண்டு கால் ஆளியொன்றை வைத்தாற் போதும். ஆளியை மூடினால் மின்னோட்டம் அந்த இருவாயியை விட்டு ஆளி வழியே சென்றுவிடும். பழைய சமன் மீளும்.

மூன்றாவது ஆளிதான் கடிதம் எழுதியவர் தேடும் கனத்தைத் தருவது. பெருக்கத்தைத் தீர்மானிக்கும் கிளையிலே 4.7 கிலோ ஓம் தடையியும் 0.047 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியும் தொடராக இருக்கின்றன. பெருக்கத்தை முழுதும் கூட்டி வைத்திருக்கும்போது, இவ்விரண்டும் சேர்ந்து, விநாடிக்கு ஏறத்தாழ 720 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட சுரங்களுக்குப் படிப்படியாகப் பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. கிற்றாரின் தடித்த தந்தியோ 82 அதிர்வில் ஒலிப்பது. மெலிந்த ஒலிக்குக் காரணம் இதுவே. அதே அளவுடைய இன்னொரு கொள்ளளவியைப் பக்கத்திலே சமாந்தரமாக இணைத்தால் அளவு இரட்டிக்கும். எல்லை 360க்கு இறங்கும். அடித்தந்திகளுக்கு உயிர் வரும். புதிய கொள்ளளவியின் ஒரு முனைக்கு ஆளியை வைத்து, வேண்டும்போது சேர்த்துக்கொள்க. ஆனால் ஒன்று: ஆளியைப் போடும் கணத்தில் வெறுமையாய் இருக்கும் கொள்ளளவி திடீரென மின்னேற்றம் பெறுவதால் 'டப்' என்ற ஓசை எழும். ஆளியின் இரு கால்களுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் தடையியொன்றை நிரந்தரமாக வைத்துவிட்டால், ஆளி திறந்திருக்கும்போதும் கொள்ளளவி மெல்ல மின்னேறி ஆயத்தமாய் இருக்கும், ஓசை அடங்கும். அவ்வளவு பெரிய தடை ஒலியை மாற்றாது.

இறுதியாகக் காலால் மிதிக்கும் ஆளி. ஒன்பது கால் கொண்டதாய், மும்மூன்றாக மூன்று தொகுதியாய் அது அமைந்திருக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் நடுக்காலே தலைவன். முதலாம் தொகுதியின் நடுக்காலுக்குக் கிற்றாரிலிருந்து வரும் கம்பி; இரண்டாம் தொகுதியின் நடுக்காலுக்கு ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி. ஒரு பக்கத்தில் இருக்கும் இரு கால்களை முறையே சுற்றின் வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் கொடுக்க. மறுபக்கத்து இரு கால்களையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க. இப்போது ஒரு மிதியிலே குறி சுற்றினூடே செல்லும். மறு மிதியிலே எதனையும் தொடாமல் நேரே செல்லும். மூன்றாம் தொகுதி விளக்குக்கானது: நடுக்கால் பொதுக் கம்பிக்கும், சுற்றுப் பக்கத்துக் கால் எல்.ஈ.டி.யின் எதிர்முனைக்கும் செல்க. நேர்முனைக்கு 9 வோல்ற்றிலிருந்து 4.7 கிலோ ஓம் தடையி வழியாக மின் கொடுத்தால் ஒன்றரை மில்லி அம்பியர் அளவே செலவாகும். ஆளியைப் பக்கவாட்டிலே திருப்பிப் பிடித்துவிட்டால் தொகுதிகள் எவை என்பது குழம்பிவிடும். ஆதலால் ஈயம் வைக்குமுன் பல்மானியைக் கொண்டு எந்தக் கால் எதனோடு சேர்கிறது என்று இரு நிலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்க.

கைவேலையிற் கவனிக்கவேண்டியவை சில. மலிவான ஆளிகளின் உடல் பிளாஸ்திக்கு; சூட்டுக்கோலை ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் உள்ளே உருகி, கால் சாய்ந்துவிடும். கம்பிகள் குறுகியனவாய் இருத்தல் வேண்டும். பெருக்கம் மிகுந்த சுற்றிலே நீண்ட கம்பி, வீட்டு மின்சாரத்தின் 50 அதிர்வு முரலலை இழுத்துக்கொண்டு வரும். தேயிலைத் தகரத்தைப் பொதுக் கம்பியோடு இணைத்துவிட்டால் அதுவே அரணாகும்; உட்புறத்தில் மட்டும் காகித அட்டை ஒட்டுக, வெற்றுக் கம்பிகள் தகரத்தைத் தொடாதிருக்க. மாத்தளை மலைப்பக்கத்து ஈரம் ஆளிகளின் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். சில மாதத்துக்கு ஒருமுறை ஆளிகளைப் பலமுறை மேலும் கீழும் அசைத்து விடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இந்தப் பெட்டியோடு விளையாடுவது 9 வோல்ற்று மின்கலத்தோடு நிற்கட்டும். ஒலிபெருக்கிக் கருவியின் உள்ளே ஒருபோதும் கை வைக்கலாகாது. அங்கே 230 வோல்ற்று இருக்கிறது. பழைய வால்வுக் கருவிகளில் அதனினும் அதிகம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் அது தங்கி நிற்கும். அறிந்தவர் அருகில்லாத இடத்தில் அறியும் ஆவல் ஆபத்து.

இவ்வளவும் பூட்டிய பின்தான் உண்மையான படிப்புத் தொடங்குகிறது. ஆளிகளின் நிலைகளை எண்ணினால் மூன்று, இரண்டு, இரண்டு. பெருக்கினாற் பன்னிரண்டு ஒலிகள் என்று தோன்றும். சற்று நின்று சிந்தித்தால், இரண்டாவது ஆளி சிலிக்கன் சோடி வேலை செய்யும்போது மட்டுமே பயன் தருவது என்பது விளங்கும். ஆகவே உண்மையில் எட்டே ஒலிகள். அந்த எட்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒருமுறைக்கு ஓர் ஆளியை மட்டும் மாற்றி, கேட்டதை எழுதுக. ஒப்பிடும்போது ஒலியளவை இரண்டு நிலையிலும் சமப்படுத்திக்கொள்வது மிக முக்கியம். நம் செவிக்கு ஒரு பலவீனம் உண்டு; உரத்ததை நல்லதென்று அது நம்பிவிடும். முடியுமாயின் தம்பியையோ தங்கையையோ ஆளியைப் போடச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். எது நல்லது என்று நாம் உறுதியாக நம்பியிருந்தது, அப்போது தடுமாறும். அறிவியலிலே நடுநிலை என்பது இப்படித்தான் கற்கப்படுகிறது.

தந்தையாரின் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இருவாயியும் செயற்பாட்டு விரியலாக்கியும் உயர்தரப் பௌதிகவியற் பாடத்திட்டத்தில் உள்ளவை. அவற்றின் வரைபைத் தாளிலே அழகாக வரைந்து புள்ளி பெறும் பிள்ளைகள் பலர். அந்த வரைபின் வளைவு செவியில் எப்படி ஒலிக்கும் என்று அறிந்தவர் மிகச் சிலர். அச்சிலரில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். நேரத்துக்கு வரம்பு வைப்பது உங்கள் கடமை. கிழமைக்கு ஒரு மாலை என்றோ, இரவு எட்டு மணிக்குப் பின் இல்லை என்றோ வைத்துவிடுங்கள். லயத்திலே ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது என்பதையும் அவர் மறத்தலாகாது. ஆனால் பெட்டியை மட்டும் பறித்துவிடாதீர்கள்.

ஒரு மாற்றத்தைச் செய்யுமுன் திரும்பிவரும் வழியை ஆயத்தம் செய்துகொள்வது கோழைத்தனம் அன்று. மிருதங்க வித்துவான் தொப்பியிலே ரவைப் பசையை அப்புகிறார். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார். அடுத்த நாள் அதனிலும் சற்றுக் கூட்டியோ குறைத்தோ அப்புகிறார். அவ்வாறு நாள்தோறும் திரும்பி வரக்கூடியதாய் இருந்தமையாலேதான் அவர் செவி நுணுகியது. திரும்ப வழியில்லாத மாற்றம் ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்பிக்கும். அதுவும் பெரும்பாலும் துக்கமான பாடமாயிருக்கும். வழி உள்ள மாற்றமோ ஒவ்வொரு முறையும் ஒன்று கற்பிக்கும்.

ஆகவே இளைஞர்களே, மூன்று ஆளியையும் ஒரே நாளிற் பூட்டவேண்டாம். மூன்றாவதை முதலிற் பூட்டுங்கள். அதற்குப் பழைய சுற்றில் ஒன்றையும் கழற்றவேண்டியதில்லை. ஒரு கிழமை வாசித்துக் கேளுங்கள். பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். கழற்றும் ஒவ்வொரு சிறு உறுப்பையும் ஒரு கடித உறையிலிட்டு, அது எங்கிருந்தது என்று உறையின் மேலே எழுதி வையுங்கள். பழையதை மதித்து வைத்திருப்பவனுக்கே புதியதை அஞ்சாமற் செய்து பார்க்கும் துணிவு வரும்.